சூரியன் தலைக்கு நேர் மேலே வரும் இடங்கள் எவை? மொரீஷியஸில் வருமா?

எல்லா ஊரிலும், தினமும் பன்னிரண்டு மணிக்கு. நானும் வெகுநாள் இப்படித்தான் நினைத்திருந்தேன். உச்சி வெயில், உச்சிப் பொழுது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்ததன் வினை!

உண்மையில் கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவில் இருக்கும் ஊர்களுக்கு மட்டுமே அந்தக் கொடுப்பினை. அதுவும் ஆண்டுக்கு இரண்டே முறை. ரேகை மேலேயே இருக்கும் ஊருக்கு ஒரே முறை. பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் சூரியன் உச்சிக்கு வரும் இடமும் வடக்கே அவ்வளவு, தெற்கே அவ்வளவு என்று ஆண்டு முழுக்க ஏறி இறங்குகிறது. அந்த எல்லையைத் தாண்டிக் குடியிருப்பவர், டெல்லிக்காரரானாலும் டர்பன்காரரானாலும், கோடையில் எவ்வளவு வெந்தாலும் சரி, சூரியன் நேர் உச்சிக்கு வந்து பார்க்கவே முடியாது.

மொரீஷியஸ் தெற்கே 20 பாகையில் இருக்கிறது. ஆகவே இங்கே வரும். போர்ட் லூயிஸ் பக்கம் நவம்பர் 22 வாக்கில் ஒரு முறை, ஜனவரி 20 வாக்கில் மறுமுறை. தீவின் வடகோடிக்கும் தென்கோடிக்கும் ஓரிரு நாள் முன்பின் ஆகலாம். இடைப்பட்ட அந்த இரண்டு மாதம் மட்டும் நடுப்பகல் சூரியன் நமக்குத் தெற்கே நிற்கும். மற்ற மாதமெல்லாம் வடக்கே. திருச்சியிலிருந்து கல்யாணமாகி ரோஸ் ஹில் வந்த புதிதில், மாடியில் வெந்நீர் சோலாரை வடக்குப் பார்த்து மாட்டியதைக் கண்டு ஆள் தவறாக மாட்டிவிட்டார் என்று மாமனாரிடம் புகார் சொன்னேன். அவர் சிரித்ததை இன்னும் மறக்கவில்லை.

அப்புறம் ஒரு ஜனவரி 20 அன்று மகளுக்குக் காட்டலாம் என்று மொட்டைமாடியில் மாப்புக் கட்டையைச் செங்குத்தாக நிறுத்தினேன். மணி சரியாகப் பன்னிரண்டு. நிழல் போகவில்லை. மேற்கே நாலு விரல் நீளத்துக்கு விழுந்து கிடந்தது. "பொய் சொன்னீங்களாம்மா?" என்று அவள் கீழே போய்விட்டாள். நான் விடவில்லை, நின்றேன். நிழல் சுருங்கிச் சுருங்கி, 12.21க்குக் கட்டைக்கு அடியில் ஒளிந்துகொண்டது. ஓடிப்போய் அவளைக் கூட்டி வந்தேன்.

பிழை கடிகாரத்தில்தான். இந்தத் தீவின் நேரம் 60 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்தது. நாம் இருப்பதோ 57.5இல். அதிலேயே பத்து நிமிடம் போச்சு. பூமி சூரியனைச் சுற்றும் பாதை முழு வட்டம் இல்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் ஜனவரி 20 வாக்கில் சூரியன் இன்னும் பதினொரு நிமிடம் பிந்தும். நவம்பரில் இதே காரணம் தலைகீழாக வேலை செய்து, 11.56க்கே உச்சிக்கு வந்துவிடும்.

எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. பொங்கலன்று நடுப்பகலில் திருச்சியில் ஒரு மீட்டர் கழியை நட்டால் நிழல் அறுபது சென்டிமீட்டருக்கு மேல் நீளும். அங்கே அது இளவெயில் காலம். அதே பொங்கலன்று ரோஸ் ஹில்லில் நட்டால் நிழல் இரண்டே சென்டிமீட்டர்! சூரியனுக்குப் படைக்கிற நாளில் சூரியன் கிட்டத்தட்ட நம் தலைமேலேயே நிற்கிறது. ஊரில் இருந்தவரை எனக்கு இது தோன்றியதே இல்லை.

தைப்பூசமும் அப்படித்தான். 2024இல் அது ஜனவரி 25 அன்று வந்தது. உச்சி நாள் கழிந்து ஐந்தே நாள். தார்ச்சாலையில் வெறுங்காலோடு காவடி எடுத்துப் போகிறவர்களைப் பார்த்தால், நடுப்பகலில் காவடியின் நிழல் முழுக்க அவர்கள் மேலேயே விழும். தன் நிழலைத் தானே மிதித்துக்கொண்டு நடப்பார்கள். சாலையோரத்தில் நிற்கிற நமக்குத்தான் ஒதுங்க நிழல் கிடையாது. கட்டடங்களே அடியில் சுருட்டி வைத்துக்கொள்கின்றன.

இன்னொன்று. எந்த நொடியில் பார்த்தாலும் பூமியில் ஒரே ஒரு புள்ளிக்குத்தான் சூரியன் சரியாக நேர் மேலே இருக்கும். மே 28 வாக்கில் நம் நேரம் பகல் 1.18க்கு அந்தப் புள்ளி மெக்காவில் இருக்கும். அப்போது இங்கிருந்து சூரியன் நிற்கும் திசையில் திரும்பினால் அதுவே மெக்காவின் திசை. தொழுகைத் திசையைச் சரிபார்க்க இந்த வழியைப் பயன்படுத்துகிறார்கள்.

நீங்களே பார்க்க வேண்டுமென்றால் நவம்பரைப் பிடியுங்கள். ஜனவரி புயல், மழைக் காலம். எனக்கு வானம் திறந்தது இரண்டாவது ஆண்டில்தான். தேதி ஒரு நாள் தவறினாலும் பரவாயில்லை, அந்தச் சமயத்தில் சூரியன் நாளுக்குக் கால் பாகைக்கும் குறைவாகத்தான் நகரும். கட்டை செங்குத்தாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.