பஸ் வீட்டுக்கு எந்த பாலிசி?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறோம். சொகுசு வீடாக மாற்றிய 45 அடி ‘பிரெவோ’ நிறுவன பஸ் ஒன்றைப் பழையதாக வாங்கப்போகிறோம். இன்ஷூரன்ஸில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பிரீமியம் அப்புறம். வண்டி முழுசாக நாசமானால் எந்தக் கணக்கில் பணம் தருவார்கள் என்று முதலில் கேளுங்கள். ‘அக்ரீட் வேல்யூ’ என்றால், ஒப்புக்கொண்ட தொகை அப்படியே வரும். ‘ஸ்டேட்டட் அமவுண்ட்’ கேட்க அதே மாதிரி இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். அதில் 4 லட்சம் டாலர் என்று எழுதியிருந்தாலும், சந்தை விலை 2.8 லட்சம்தான் என்றால் பொதுவாகக் குறைந்ததையே தருவார்கள். அக்ரீட் வேல்யூவுக்கு மதிப்பீட்டாளர் அறிக்கை, உள்ளே வெளியே எடுத்த படங்கள், வேலை செய்த பில்கள் தேவைப்படலாம். உரிமைப் பத்திரத்தில் ‘பஸ்’ என்றே இருந்தால், ‘மோட்டார்ஹோம்’ (குடியிருக்கும் வண்டி) என்று மாற்றிவிட்டு விண்ணப்பியுங்கள்.

ஆண்டு முழுக்க அதிலேயே குடியிருப்பீர்களா? ‘ஃபுல்டைமர்’ பொறுப்புக் காப்பீடு அவசியம். நிறுத்திய வண்டியின் படியில் விருந்தாளி வழுக்கி விழுந்தால் கைகொடுப்பது அதுதான்.

20 டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியைச் சாதாரண டோ டிரக் இழுக்காது; கனரக டோயிங் செலவுக்கு உச்சவரம்பு உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். பின்னால் இழுத்துப்போகும் காரின் சேதத்துக்கு அந்தக் காரின் பாலிசியில்தான் காப்பு வேண்டும். மெக்சிகோ போனால் அந்நாட்டு பாலிசியைத் தனியாக எடுக்க வேண்டும். கூரைக் கசிவு, எலிக்கடி பெரும்பாலும் விலக்குப் பட்டியலில் (பணம் தராத சேதங்களில்) இருக்கும். வாடகைக்கு விடும் எண்ணமிருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். மறைத்தால் கிளெய்ம் நிராகரிக்கப்படலாம்.