வயர்ஷார்க் கேள்வி பதில்: யார் யாரோடு எவ்வளவு பேசுறாங்க?

கேள்வி: அண்ணா, மதியமானா ஆபீஸ் நெட் படுத்துடுது. வயர்ஷார்க்ல (நெட்வொர்க்ல போற டேட்டாவைப் பிடிச்சுக் காட்டுற சாஃப்ட்வேர்) கேப்சர் எடுத்தேன், லட்சக்கணக்குல பாக்கெட் (டேட்டா துண்டு). எந்த மெஷின் இழுக்குதுன்னு எப்படிப் பிடிக்கிறது?

பதில்: வரி வரியா படிச்சா விடிஞ்சிடும் தம்பி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மெனுவுல கான்வர்சேஷன்ஸ் திறங்க. ஐபிவி4 டேப்ல பைட்ஸ் தலைப்பைத் தட்டி, பெருசு மேல வர்ற மாதிரி வரிசைப்படுத்துங்க. ஆள் சிக்கிடுவான்.

அப்புறம் திசையைப் பாருங்க. ஏ பக்கம் 192.168.1.23, பி பக்கம் ஏதோ வெளி ஐபி. ஏ→பி 900 எம்பி, பி→ஏ 12 எம்பின்னு வெச்சுக்குவோம். அந்த மெஷின் டவுன்லோட் பண்ணலை, வெளிய ஏத்திட்டிருக்கு. கிளவுட் பேக்கப்பான்னு முதல்ல பாருங்க. ஏ-ன்னா கிளையன்ட் (பேச்சை ஆரம்பிச்ச மெஷின்)னு மட்டும் முடிவு கட்டாதீங்க, அப்படி உத்தரவாதம் கிடையாது. வரி மேல ரைட் கிளிக், அப்ளை அஸ் ஃபில்டர் கொடுத்தா அந்த ரெண்டு பேர் பேச்சு மட்டும் மெயின் விண்டோவுல நிக்கும்.

அதே டேபிள்ல பிட்ஸ்/செகண்ட்னு இருக்கிற நெடுவரிசையை நம்பி ஏமாறாதீங்க. அது மொத்த டியூரேஷனுக்கான சராசரி. ஒரு மணி நேரம் திறந்தே கிடந்து, பத்து செகண்ட் மட்டும் லைனை அடைச்ச கனெக்‌ஷன் அதுல சாது மாதிரி தெரியும். அதைப் பிடிக்க, நேர வாரியா டிராஃபிக்கைக் காட்டுற ஐ/ஓ கிராஃப்தான்.

கேள்வி: என் லேப்டாப்ல கேப்சர் பண்றேன் சார். பக்கத்து சீட் மெஷின்கள்ல இருந்து 224.0.0.251, 239.255.255.250-க்குப் போறது மட்டும்தான் தெரியுது. ஏன்?

பதில்: ஸ்விட்ச் (மெஷின்களை கேபிள்ல இணைக்கிற பெட்டி) உங்க போர்ட்டுக்கு (உங்க கேபிள் சொருகின இடத்துக்கு) உரியதையும், எல்லாருக்கும் போற பிராட்காஸ்ட், மல்ட்டிகாஸ்ட்டையும்தான் உங்ககிட்ட அனுப்பும். நீங்க பார்த்தது எம்டிஎன்எஸ், எஸ்எஸ்டிபி; பக்கத்துல என்னென்ன கருவி, சேவை இருக்குன்னு மெஷின்கள் தேடுற மல்ட்டிகாஸ்ட். எல்லாத்தையும் பார்க்கணும்னா, ரவுட்டர் போற போர்ட்டை மிரர் பண்ணி (அதுல போறதோட நகலை இன்னொரு போர்ட்டுக்கு அனுப்பச் சொல்லி) அங்க கேப்சர் எடுங்க. மலிவான அன்மேனேஜ்டு ஸ்விட்ச்ல பெரும்பாலும் மிரர் வசதியே இருக்காது. நெட்வொர்க் பொறுப்பாளர் அனுமதி இல்லாம இதுல கை வைக்காதீங்க.

கேள்வி: எண்ட்பாயின்ட்ஸ் (ஒவ்வொரு மெஷினோட கணக்கையும் தனியா காட்டுற டேபிள்)ல பைட்ஸைக் கூட்டினா கேப்சரைப் போல ரெண்டு மடங்கு வருதே, இது வயர்ஷார்க்கோட பக் (கோளாறு) ஏதாவதா?

பதில்: இல்லை. ஒவ்வொரு பாக்கெட்டும் அனுப்பினவர் கணக்குலயும் ஏறும், வாங்கினவர் கணக்குலயும் ஏறும். கூட்டணும்னா கான்வர்சேஷன்ஸ்ல கூட்டுங்க.

கேள்வி: மெயின் விண்டோவுல ஃபில்டர் போட்டும் கான்வர்சேஷன்ஸ் டேபிள் மாறலையே?

பதில்: கான்வர்சேஷன்ஸ் விண்டோவுல ‘லிமிட் டு டிஸ்பிளே ஃபில்டர்’ டிக் பண்ணுங்க.

கேள்வி: யூடியூப் ஓடிட்டேதான் இருக்கு, டிசிபி டேப்ல பெருசா ஒண்ணும் காணோம்!

பதில்: யூடிபி டேப்ல போர்ட் 443 தேடுங்க. குரோம்ல யூடியூப் பெரும்பாலும் குவிக் (QUIC)ங்கிற புரோட்டோகால்ல போகும், அது டிசிபி மேல இல்லை, யூடிபி மேல ஓடுறது.