யுகிகாஸே நாசகாரிக் கப்பல்: கேள்வி பதில்

கேள்வி: யுகிகாஸே எந்த வகைக் கப்பல்?

இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்ட ஜப்பானியக் கப்பல், காகெரோ வகை நாசகாரி (டிஸ்ட்ராயர்). சசெபோவில் கட்டி, 1940 ஜனவரியில் கடற்படையில் சேர்த்தார்கள். அந்த வகையில் மொத்தம் 19 கப்பல்கள். போர் முடிந்தபோது மிதந்தது இது ஒன்றுதான்.

கேள்வி: தப்பியது வெறும் அதிர்ஷ்டம்தானே?

அதிர்ஷ்டமும் உண்டு. அதோடு நிறுத்திவிட்டால் மாலுமிகள் செய்த வேலை மறைந்துபோகும். 1943 மார்ச்சில் பிஸ்மார்க் கடலில், நியூ கினியின் லே துறைமுகத்துக்குத் துருப்புகளோடு போன 8 போக்குவரத்துக் கப்பல்களும் மூழ்கின, காவலுக்குப் போன 8 நாசகாரிகளில் 4 மூழ்கின. முதல் நாள் மூழ்கிய கப்பலின் வீரர்களை யுகிகாஸேயும் அசாகுமோவும் இரவோடு இரவாக லேயில் இறக்கிவிட்டு, மறுபடி அணியில் வந்து சேர்ந்துகொண்டன. அப்புறம், பின்னாளில் யுகிகாஸேயின் கேப்டனாக இருந்த தெராவுச்சி. மேல்தளத் திறப்பு வழியே தலையை நீட்டி, விழும் குண்டுகளைக் கண்ணால் பார்த்து, கீழே நிற்பவரின் தோளைக் காலால் தட்டியே கப்பலை இடம் வலம் திருப்ப வைத்தார் என்று சொல்வார்கள்.

கேள்வி: 1942-இல் திருகோணமலையைத் தாக்க வந்ததா?

இல்லை. அன்று தாக்கிய ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் அணியோடு வந்தவை இதே வகையைச் சேர்ந்த இசோகாஸே, ஹமாகாஸே, உராகாஸே போன்றவை.

கேள்வி: இதை அதிர்ஷ்டக் கப்பல் என்பது ஏன்?

இரண்டாம் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: போர்க்கப்பல் கொங்கோ, விமானந்தாங்கி ஷினானோ இரண்டுக்கும் காவலாகப் போனது, இரண்டும் மூழ்கின. பீடை பிடித்த கப்பல் என்பதே சரி.

இதை ஒப்புக்கொள்ளவே முடியாது. 1944 நவம்பர் 21-இல் கொங்கோவை மூழ்கடித்தது அமெரிக்காவின் சீலயன் நீர்மூழ்கி. 29-இல் ஷினானோவை மூழ்கடித்தது ஆர்ச்சர்ஃபிஷ் என்ற இன்னொரு அமெரிக்க நீர்மூழ்கி, 4 டார்பிடோக்களால். ஷினானோ கடற்படையில் சேர்ந்தே 10 நாள்தான் ஆகியிருந்தது. இந்த இரண்டு பயணங்களிலும் இசோகாஸேயும் ஹமாகாஸேயும் கூடவே போயின. அவற்றை ஏன் பீடை என்று யாரும் சொல்வதில்லை? அவை பிழைக்கவில்லை, அதனால்தான். பிழைத்த கப்பல் மீது பழி போடுவது சுலபம்.

கேள்வி: விடமாட்டேன். யமாட்டோ போர்க்கப்பலும் இதன் கண் முன்தானே மூழ்கியது?

1945 ஏப்ரல் 7-இல் நூற்றுக்கணக்கான அமெரிக்க விமானங்கள் தாக்கின. தன் பக்கம் போர் விமானக் காவல் இல்லாமல் ஒகினாவாவுக்குக் கிளம்பிய அணி அது. அதை அப்படி அனுப்பியவர்களைக் கேளுங்கள். அன்று 8 நாசகாரிகளில் 4 மிஞ்சின. இசோகாஸே நகர முடியாமல் கிடந்தது. அதன் ஆட்களை ஏற்றிக்கொண்டு, அந்தக் கப்பலைச் சுட்டு மூழ்கடித்ததும் யுகிகாஸேதான். அதிர்ஷ்டம், பீடை என்று பேசுமுன் அந்த மாலுமிகளை நினையுங்கள்.

கேள்வி: யமாட்டோவின் பீரங்கி எவ்வளவு பெரிது?

46 சென்டிமீட்டர். இங்கே நாசகாரி பற்றி மட்டும் கேளுங்கள்.

கேள்வி: போருக்குப் பின்?

ஆயுதங்களைக் கழற்றிவிட்டு, வெளியூர்களில் சிக்கியிருந்த ஜப்பானியரை 1946 முடியும்வரை ஊருக்கு ஏற்றி வந்தது. 1947 ஜூலையில் ஷாங்காயில் சீனக் குடியரசிடம் (பின்னாளில் தைவானுக்கு இடம்பெயர்ந்த அரசு) ஒப்படைத்தார்கள். ‘தான் யாங்’ என்ற பெயரில் தைவான் கடற்படையில் இருந்து, கடைசியில் உடைக்கப்பட்டது.

கேள்வி: பார்க்க ஏதாவது மிச்சம் உண்டா?

நங்கூரம் ஜப்பானில் எதாஜிமாவிலுள்ள கடற்படைப் பள்ளியில் இருக்கிறது. அங்கே வழிகாட்டியோடு மட்டுமே சுற்ற முடியும், நேரம் பார்த்துப் போங்கள்.