நாய்களைத் தாக்கும் பார்வோ வைரஸில் 2ஏ, 2பி, 2சி என்கிறார்களே, ஒவ்வொன்றும் தனி வைரஸா? பழைய தடுப்பூசி கேட்குமா?

தனி வைரஸ் எல்லாம் இல்லை, ஒரே வைரஸின் உருமாற்றங்கள்தான். பூனைகளைத் தாக்கும் பான்லூக்கோபீனியா வைரஸுக்கு நெருங்கிய சொந்தமான ஒன்று, மேலுறைப் புரதத்தில் சில அமினோ அமிலங்கள் மாறியதால் நாயின் செல்லுக்குள் நுழையப் பழகிக்கொண்டது. 1978-ல் கண்டுபிடித்தார்கள், இரண்டே வருடத்தில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. எந்த நாய்க்கும் எதிர்ப்பு சக்தி கிடையாது, அப்புறம் எப்படி நிற்கும்? அடுத்து வந்த 2ஏ முதல் வகையையே ஓரங்கட்டியது, பூனையையும் தொற்றும் திறனைத் திரும்பப் பெற்றது. 1984-ல் 2பி, 2000-ல் இத்தாலியில் 2சி.

இவற்றைப் பிரிப்பது பெரும்பாலும் விபி2 என்ற மேலுறைப் புரதத்தின் 426-ஆம் இடத்தில் இருக்கும் அமினோ அமிலம்தான்: 2ஏ-வில் அஸ்பரஜின், 2பி-யில் அஸ்பார்டிக் அமிலம், 2சி-யில் குளூட்டாமிக் அமிலம். ஒரே ஒரு எழுத்து மாதிரி! பொதுவாக மெதுவாக மாறும் டிஎன்ஏ வைரஸாக இருந்தும், கிட்டத்தட்ட வேகமாக மாறும் ஆர்என்ஏ வைரஸ் மாதிரியே மாறுகிறது என்பதுதான் எனக்கு இதில் பெரிய ஆச்சரியம்.

சரி, ஊசி கேட்குமா? கேட்கும். இப்போதுள்ள ஊசிகள் மூன்று வகைக்கும் பாதுகாப்பு தருகின்றன. ஊசி போட்டும் குட்டிக்கு வந்தால் பெரும்பாலும் காரணம் வேறு: தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் குறையும்வரை ஊசியை வேலை செய்ய விடாது, அதனால்தான் குட்டிக்கு 16 வாரம் ஆனபிறகும் ஒரு டோஸ் கட்டாயம் என்கிறார்கள். வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், செருப்பில் ஒட்டியே வீட்டுக்குள் வந்துவிடும். தரையைத் துடைக்க பிளீச்சிங் கரைசல்தான் சரி, ஆல்கஹால் சானிடைசரை நம்பாதீர்கள்.