வர மாட்டேன் என்று அடம்பிடித்த கணவன் நான்தான்

கேள்வி: எனக்கும் கணவருக்கும் ஓயாத சண்டை. மாமனார், மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்கிறோம். நல்ல தெரபிஸ்டை எப்படிக் கண்டுபிடிப்பது? கவுன்சிலிங் என்றாலே "நான் என்ன பைத்தியமா?" என்கிறார் அவர். எங்களுடையது சின்ன ஊர்.

உங்கள் கணவர் சொன்னதை ஒரு சொல்கூட மாறாமல் நான்கு வருடம் முன்பு நானும் சொல்லியிருக்கிறேன். அதனால் மறுத்தவன் பக்கத்திலிருந்தே எழுதுகிறேன், உங்களுக்கு உபயோகப்படலாம்.

நாங்கள் கும்பகோணம் பக்கம். அப்பாவின் ஹார்டுவேர் கடையில்தான் நானும் உட்காருகிறேன். கல்யாணமாகி ஒன்பது வருடம் வரை எனக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது, தேவைப்படும்போது அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கல்லாவிலிருந்து எடுத்துக்கொள்வதுதான். மனைவி தனியார் பள்ளியில் டீச்சர். கடைக்குச் சரக்கு எடுக்க அவள் நகையை இரண்டு தடவை அடகு வைத்தோம், ஒரு தடவைதான் மீட்டோம். பிள்ளைக்கு எந்த ஸ்கூல், தீபாவளிக்கு யார் வீடு என்று சண்டை எதில் வேண்டுமானாலும் ஆரம்பிக்கும், முடிகிற இடம் அந்த நகையாகத்தான் இருக்கும். அவள் பேசுவாள், நான் வாயை மூடிக்கொள்வேன். ஒரு தடவை பதினோரு நாள் அவளோடு பேசாமல் இருந்திருக்கிறேன், அதைப் பொறுமை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் நடந்தது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். என் பெரியப்பா, அவளுடைய மாமா இரண்டு பேர், நடுவில் காப்பி, இரண்டு மணி நேரப் பஞ்சாயத்து. முடிவில் ஆளாளுக்கு விட்டுக்கொடுத்துப் போங்கள் என்றார்கள். ஆறு வாரத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அதற்கப்புறம் நாங்கள் கவுன்சிலரைத் தேடியதும் இதே மனநிலையில்தான். ஃபீஸ் வாங்கிக்கொண்டு தீர்ப்புச் சொல்லும் ஒரு பெரியப்பாவைத் தேடினோம்.

கிடைத்தார். பெயர் வேண்டாம். போர்டில் டாக்டர் என்று இருந்தது, உளவியல் நிபுணர் என்று இருந்தது, சுவர் நிறையச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். அரை மணி நேரம் கேட்டுவிட்டு, "பெண்பிள்ளை கொஞ்சம் அனுசரித்துப் போனால் குடும்பம் நிமிரும்மா" என்றார். எனக்குப் பரம திருப்தி, ஒரே சிட்டிங்கில் ஜெயித்துவிட்டேன் அல்லவா. மனைவி அடுத்த தடவை வர மறுத்துவிட்டாள். அதைவிட மோசம், அவள் தனியாக அழுது சொன்ன ஒரு விஷயம் இரண்டே வாரத்தில் என் அப்பா காதுக்கு வந்துவிட்டது. அந்த ஆளுக்கும் எங்கள் கடைக்கும் பழக்கம் உண்டு, சிமெண்ட் எங்களிடம்தான் எடுப்பார். சின்ன ஊரில் இருக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: உங்கள் குடும்பத்தைத் தெரிந்தவரிடம் போகாதீர்கள், எவ்வளவு நல்லவராக இருந்தாலும். பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போங்கள்.

இன்னொன்றையும் இந்த அனுபவத்துக்கு அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். கவுன்சிலர் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டுகிற நிலைமைதான் நடைமுறையில் இருக்கிறது. மூன்று மாத ஆன்லைன் கோர்ஸ் முடித்தவரும் மாட்டலாம். சைக்கியாட்ரிஸ்ட் என்றால் எம்பிபிஎஸ் முடித்து மேலே மனநல மருத்துவம் படித்தவர், மாத்திரை எழுதும் அதிகாரம் இவருக்கு உண்டு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் எம்ஃபில் அல்லது அதற்கு நிகரான பயிற்சி முடித்து, ஆர்சிஐ எனப்படும் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்தவர், பேச்சு வழிச் சிகிச்சையும் சோதனைகளும் இவர் வேலை. பதிவு எண் கேட்டால் நல்லவர் யாரும் கோபப்பட மாட்டார், அந்த எண்ணை மன்றத்தின் இணையப் பதிவேட்டில் நீங்களே சரிபார்க்கலாம். இந்தப் பதிவு இல்லாமலும் நன்றாக வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள்: கவுன்சிலிங் சைக்காலஜியில் எம்எஸ்சி, மனநல சமூகப்பணி படித்தவர்கள். அவர்களிடம் எங்கே படித்தீர்கள், யாருக்குக் கீழே பயிற்சி எடுத்தீர்கள், தம்பதிகளோடு எத்தனை வருடமாக வேலை செய்கிறீர்கள் என்று கேளுங்கள். முன்னால் இருக்கும் டாக்டர் என்ற பட்டத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், பிஎச்டி எந்தப் பாடத்தில் வாங்கினாலும் டாக்டர்தான்.

இரண்டாவதாக ஆன்லைனில், பெங்களூரில் இருந்த ஒருவர். நல்ல படிப்பு, நல்ல மனுஷி, தப்பே சொல்ல மாட்டேன். ஆனால் பேச்சு முழுக்க இங்கிலீஷ். என் மனைவி சமாளித்துவிட்டாள், நான் வேலைக்கு இண்டர்வியூ போனவன் மாதிரி விறைத்துக்கொண்டு பதில் சொன்னேன். "அப்பா முகத்தில் எப்படி முழிப்பேன்" என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வீர்கள்? தோராயமாக ஏதோ சொன்னேன், அதற்கு அவர் கேட்டது, "சரி, நீங்கள் ஏன் தனி வீடு பார்க்கக் கூடாது?" கடையும் வீடும் ஒரே பத்திரத்தில் இருக்கிற ஆளிடம் கேட்கிற கேள்வியா அது? இரண்டு சிட்டிங்கோடு விட்டோம். அதிலிருந்து எனக்கு ஒரு பிடிவாதம், எந்த மொழியில் சண்டை போடுகிறோமோ அந்த மொழியில் பேசுகிறவர்தான் வேண்டும். நாத்தனார் என்றால் யார், சீர் வரவில்லை என்றால் ஏன் மூஞ்சி தொங்குகிறது என்பதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தால் ஐம்பது நிமிஷம் அதிலேயே போய்விடும்.

இதற்கு நடுவில் எனக்குத் தூக்கம் சுத்தமாகப் போயிருந்தது. மனைவிக்குத் தெரியாமல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு ஓபியில் போய் நின்றேன். கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொள்ளாத குறைதான். சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ, எங்கள் பக்கத்தில் மனநோய் தீர வேண்டி ஆட்களைக் கூட்டிப்போகும் குணசீலம் கோவில் அப்படி, "குணசீலம் கூட்டிட்டுப் போகணும்" என்றால் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. உங்கள் கணவர் பயப்படுவது டாக்டருக்கு இல்லை, இந்தப் பேச்சுக்குத்தான். அங்கே என்ன ஆனது? டாக்டர் ஐந்தாறு கேள்வி கேட்டார், ரத்தம், தைராய்டு பார்க்கச் சொன்னார், கொஞ்ச நாளைக்கு ஒரு மாத்திரை கொடுத்தார், "உங்களுக்கு மாத்திரையைவிட உட்கார்ந்து பேச ஆள் வேண்டும்" என்று திருச்சியில் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பெயரை எழுதிக்கொடுத்தார். ஓபி சீட்டுக்குக் காசு கிடையாது. நம்பகமான ஆளைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி இதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன், கூகுள் ஸ்டார்களைவிட அந்த ஓபி சீட்டு மேல்.

ஆனால் அந்தச் சீட்டை நான் இரண்டு மாதம் பர்ஸிலேயே வைத்திருந்தேன். ஒருநாள் அது மனைவி கையில் சிக்கியது, அவள் தனியாகவே போக ஆரம்பித்தாள். கணவர் வரட்டும் என்று நீங்கள் காத்திருக்க வேண்டாம், ஒருவர் போனாலே வீட்டில் ஏதோ கொஞ்சம் நகரும். மூன்று தடவை போய் வந்தபின் அவள் என்னிடம் சொன்னது, "நீங்க சரியில்லன்னு சொல்லக் கூப்பிடல. நான் என்ன தப்பு பண்றேன்னு அங்க வந்து சொல்லுங்க, அவங்களும் கேக்கட்டும்." புகார் சொல்ல வாய்ப்புக் கிடைத்ததே என்றுதான் கிளம்பினேன், வேறு உயர்ந்த காரணம் ஒன்றும் இல்லை. உங்கள் கணவரிடமும் இப்படிக் கேட்டுப் பாருங்கள்.

முதல் நாள் அந்த மேடம் செய்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நல்லவரை அடையாளம் காண இது உதவும். ஏற்கெனவே மனைவியை மூன்று தடவை பார்த்திருப்பதால், அவள் பக்கம் சாய்ந்திருப்பாரோ என்று எனக்குத் தோன்றுவது நியாயம்தான் என்று அவரே ஆரம்பித்தார், என்னையும் தனியாக ஒரு தடவை பார்த்தார். இங்கே பேசுவது வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் விதிவிலக்கு என்றார். (2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவே ரகசியம் காப்பதை நோயாளியின் உரிமை என்கிறது, முதல் ஆளிடம் போனபோது இது தெரிந்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன்.) தனியாகச் சொல்வதை மனைவியிடம் என்ன செய்வார் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அப்புறம் இருவரையும் உட்காரவைத்து, "ஆறு வாரம் கழித்து வீட்டில் எது மாறியிருந்தால் இங்கே வந்தது வீண் இல்லை என்பீர்கள்?" என்று கேட்டார். மனைவி, "இவர் கோபத்தில் இருந்தாலும் சாப்பிட்டியான்னு கேட்கணும்" என்றாள். நகையைச் சொல்வாள் என்று நினைத்திருந்தேன்.

நான் விடவில்லை. கிளம்பும்போது நேரடியாகவே கேட்டேன், யார் மேல தப்பு மேடம்? "சொல்றேன், அந்தப் பதிலை வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்யப் போறீங்க சார்?" என்றார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதற்குப் பதில் யோசித்தேன், வரவில்லை.

ஜான் காட்மன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் தம்பதிகள் சண்டை போடுவதைப் பல வருடம் கூர்ந்து பார்த்தவர். குறை சொல்வது, இளக்காரம் செய்வது, தன்னை நியாயப்படுத்திக்கொண்டே இருப்பது, சுவர் மாதிரி உறைந்துபோவது, இந்த நான்கும் கல்யாணத்தை அரித்துவிடும் என்று சொல்லியிருக்கிறார். மேடம் இதை விளக்கியபோது நான்காவதைக் கேட்டு மனைவி என்னைப் பார்த்தாள், நான் ஃபேனைப் பார்த்தேன். என் பதினோரு நாள் பொறுமைக்கு அங்கே இருந்த பெயர் அது.

இதெல்லாம் ஏதோ அதிசயம் போலத் தோன்றினால், அப்படி இல்லை. ஐந்தாவது சிட்டிங்கில் எனக்கு அவரைக் கண்டாலே ஆகவில்லை. "நீங்க அவ பக்கமே பேசுறீங்க" என்று சொல்லிவிட்டேன். முதல் ஆளாக இருந்தால் அறிவுரை வந்திருக்கும். இவர் எந்த இடத்தில் அப்படித் தோன்றியது என்று கேட்டார், சொன்னேன், அந்த இடத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டார். எனக்கு நம்பிக்கை வந்தது அன்றைக்குத்தான். எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979இலேயே எழுதியிருக்கிறார்: எதற்காக வருகிறோம், அதற்கு என்ன செய்யப் போகிறோம் என்பதில் வருகிறவருக்கும் தெரபிஸ்டுக்கும் ஒத்துப்போக வேண்டும், இடையில் ஒரு ஒட்டுதலும் வேண்டும் என்று. என் கணக்கில் மூன்று நான்கு சிட்டிங்கில் இது தெரிந்துவிடும். மூன்றில் எதுவுமே இல்லை என்றால் அவரிடமே சொல்லிப் பாருங்கள், சொன்னபிறகும் மாறவில்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள், இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, டெய்லரை மாற்றுவதில்லையா?

செலவைப் பற்றி யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். இருவருக்கும் சேர்த்து ஒரு தடவைக்கு 1,500 ரூபாய், மாதம் இரண்டு தடவை, பஸ் தனி. எட்டு மாதம் போனோம், கடைசி மூன்று மாதம் வீடியோவில். முடியாது என்றால் அரசு மருத்துவமனை ஓபியில் ஆரம்பியுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மனசு தாங்கவில்லை என்றால் 14416, டெலிமானஸ், 2022இல் வந்த அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

முக்கியமான ஒன்று, நீங்கள் எழுதவில்லை என்றாலும் கேட்டுவிடுகிறேன். அவர் கை நீட்டுகிறாரா? அப்படியென்றால் மேலே எழுதியது எதுவும் உங்களுக்கு இல்லை. சேர்ந்து கவுன்சிலிங் போகாதீர்கள். அங்கே உண்மையைச் சொல்லிவிட்டு அதே மனிதரோடு அதே வீட்டுக்குத் திரும்ப வேண்டியிருக்கும். தனியாகப் போங்கள், 181 பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள், மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார்.

இப்போது எப்படி இருக்கிறோம் என்றால், அதே வீடு, அதே கடை. ஐந்தாம் தேதி எனக்குச் சம்பளம். அதை அப்பாவிடம் கேட்க மூன்று சிட்டிங் ஒத்திகை பார்த்தேன், அவர் ஒரு வார்த்தையில் சரி என்றுவிட்டார், அதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. நகை இன்னும் பாதிதான் மீண்டிருக்கிறது. நான் இப்போதும் வாயை மூடிக்கொள்கிறேன், ஆனால் "கோபமா இருக்கேன், நாளைக்குப் பேசறேன், நீ சாப்பிட்டியா?" என்று சொல்லிவிட்டு மூடிக்கொள்கிறேன்.

போனில் பதிவு எண், ஃபீஸ், தமிழில் பேசுவாரா என்றெல்லாம் கேட்கக் கூச்சமாக இருந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். என் மனைவி அப்படித்தான் கேட்டாள், நான்கு பேருக்கு அனுப்பியதில் இரண்டு பேர் பதிலே போடவில்லை, ஒருவர் "முதலில் நேரில் வாங்க" என்றார், இந்த மேடம் மட்டும் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் போட்டிருந்தார், மூன்று நாள் கழித்து.