வட்டி 10 சதவீதம்தானா?

கேள்வி: யார் எந்தக் கணக்கைக் காட்டினாலும் "இது எப்படி வந்தது?" என்று கேட்பது என் பழக்கம். ஆபீஸில் "குறை கண்டுபிடிக்கிறவள்" என்று பெயர் வாங்கிவிட்டேன். போன வாரம் கணவர், பைக் வாங்க ஒரு லட்சம் கடன், ஒரு வருடம், வட்டி 10 சதவீதம்தான், மாதம் 9,167 ரூபாய் என்றார். கணக்கு இடிக்கிறதே என்றேன், சண்டையாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் நல்லதா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம் சகோதரி, உங்களுக்குச் சரியாகத்தான் இடித்திருக்கிறது. அந்த 10 சதவீதம் ஃபிளாட் வட்டி. ஆறு தவணை கட்டியதும் அசலில் பாதி திரும்பிப் போயிருக்கும், ஆனால் வட்டி மட்டும் கடைசி மாதம் வரைக்கும் முழு லட்சத்துக்கே ஓடிக்கொண்டிருக்கும். மீதியிருக்கும் அசலுக்கு மட்டும் அதே 10 சதவீதம் போட்டால் தவணை 8,792 ரூபாய்தான் வரும், மொத்த வட்டி சுமார் 5,500. உங்கள் கணவர் கட்டப்போவது 10,000. அதாவது உண்மையில் கிட்டத்தட்ட 18 சதவீதம். ஷோரூமில் பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொன்னார்கள்.

சொல்லாமல் விட்ட அந்த மீதிப் பாதியைக் கேட்பதைத்தான் நான் ஆராய்ந்து யோசிப்பது என்பேன். யாரையும் சந்தேகப்படுவது வேறு.

வேலையில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு, எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம். 1986 ஜனவரி 27 இரவு, மறுநாள் காலை கடுங்குளிராக இருக்கும், ராக்கெட் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் தாங்காது, ஏவ வேண்டாம் என்று அதைச் செய்த கம்பெனியின் இன்ஜினியர்கள் போனில் மன்றாடினார்கள். மேலாளர்கள் எடுத்துப் பார்த்தது, முந்தைய பயணங்களில் வளையம் சேதமானவற்றை மட்டும். வெயில் நாளிலும் சேதம் இருந்தது, அப்புறம் குளிர் மேல் என்ன பழி என்று தோன்றிவிட்டது. சேதமே இல்லாமல் போய்வந்த பயணங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால்? விசாரணைக் குழு பிறகு வைத்துப் பார்த்தது: சுமார் 19 டிகிரியும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் 3-இல்தான் சேதம், 17 டிகிரியும் அதற்குக் கீழும் இருந்த 4 பயணங்களில் நான்கிலுமே சேதம். மறுநாள் காலை கிளம்பிய 73-வது நொடியில் கலம் சிதறி ஏழு பேர் இறந்துபோனார்கள். "மிச்சப் பயணங்கள் எங்கே?" என்று ஒருவர் கேட்டிருக்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகிறது.

அதனால் கேட்பதை விடாதீர்கள். ஆனால் நாலு பேர் முன்னால் "தப்பு" என்று ஆரம்பிக்காமல், "இதில் எதையெல்லாம் சேர்க்கவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். நமக்குச் சாதகமாக வருகிற கணக்கையும் அதே மாதிரி கேட்க வேண்டும், கஷ்டமே அதுதான்.

சரி, பைக்குக்கு வருவோம். இந்த மாதிரிக் கடன்களுக்கு எல்லாச் செலவும் சேர்ந்த வருடாந்திர வட்டி விகிதத்தை, அதாவது ஏ.பி.ஆரை, கே.எஃப்.எஸ். என்ற, கடனின் முக்கிய விவரங்கள் அடங்கிய தாளில் எழுதித் தரவேண்டும் என்பது 2024 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, அவரும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.