கார்புரேட்டரைத் தூக்கிப் போடும் முன்: பழைய வண்டிக் கேள்விகள்

பழைய பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் கேளுங்கள் என்று சொன்னதும் வந்து குவிந்ததில் பாதி, "ஐடிலிங் நிலைக்கவில்லை, கார்ப் மாற்றிவிடலாமா" என்பதுதான். வண்டி நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடுவது ஐடிலிங்; பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது கார்ப், அதாவது கார்புரேட்டர். கிடைத்த நேரத்தில் முடிந்தவரை எழுதுகிறேன்.

திருமங்கலம்: அண்ணே, 96 மாடல் மாருதி 800. புது கார்புரேட்டர் போட்டும் சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிவிடுகிறது. சோக்கைப் பாதி இழுத்து வைத்தால் ஓடுகிறது. கார்ப் டூப்ளிகேட்டா?

சோக் இழுத்தால் ஓடுகிறது என்று பதிலையும் நீங்களே எழுதிவிட்டீர்கள் தம்பி. கார்ப் வழியாக வராத காற்று எங்கிருந்தோ உள்ளே போகிறது, சோக் போட்டதும் பெட்ரோல் கூடி அதைச் சரிக்கட்டுகிறது. ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளை, அந்த ஸ்லோ ஜெட், அடைத்திருந்தாலும் இதே கதைதான், ஆனால் முதலில் காற்றைப் பாருங்கள். வண்டி ஓடும்போது சலூனில் தண்ணீர் அடிப்பார்களே அந்த பாட்டிலால் கார்ப் அடிப்பாகத்தைச் சுற்றியும் ஒவ்வொரு டியூப் முனையிலும் லேசாக அடியுங்கள், ஃபேனில் கை மாட்டாமல். எங்கே அடிக்கும்போது சத்தம் மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை. பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள், சூடான மேனிஃபோல்டு பக்கத்தில் அந்த வேலையே வேண்டாம். அடியில் என்றால், காற்று கசியாமல் இடையில் வைக்கும் பழைய பேக்கிங்கைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுசை வைத்தார்களா என்று பாருங்கள். நட்டை ஒரே பக்கம் இறுக்கினாலும் அடித்தட்டு வளைந்துவிடும். ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரியும்.

மேலூர்: நானும் 800தான். டியூப் எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன், எது எங்கே என்று மறந்துவிட்டது.

கழற்றும் முன் போனில் நாலு போட்டோ எடுத்திருக்கலாம். சரி, விடுங்கள். தடித்த ஹோஸ் பிரேக் மிதிப்பை லேசாக்கும் பூஸ்டருக்கு, அதில் ஒரு வழி வால்வு இருக்கும், திருப்பிப் போட்டால் பிரேக் கல்லாகிவிடும். மெல்லிய டியூப்களில் முக்கியமானது, பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் இருக்கும் வட்ட டப்பாவுக்குப் போவது. கார்பில் அந்த டியூப் மாட்டும் மூக்கில் ஐடிலிங்கில் இழுவை, அதாவது காற்றை உறிஞ்சும் சக்தி, இருக்காது, ஆக்சிலரேட்டர் கொடுத்தால்தான் வரும். விரலை வைத்தே கண்டுபிடிக்கலாம். டப்பா நல்லதா என்று பார்க்க, டியூப்பை வாயில் வைத்து உறிஞ்சி நாக்கு நுனியால் அடையுங்கள். நாக்கைக் கவ்விக்கொண்டு அப்படியே நிற்க வேண்டும். நழுவிவிட்டால் உள்ளே இருக்கும் சவ்வு (டயாபிரம்) கிழிந்துவிட்டது, அதுவும் காற்று புகும் வழிதான். சும்மா இருக்கும் மூக்குகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள். கடைசியில் எஞ்சினை நிறுத்திவிட்டு பிரேக்கை நாலைந்து முறை அமுக்கி, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள், பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் லைன் சரி.

ஆரப்பாளையம்: மீன் தொட்டிக்குப் போடும் டியூப் போடலாமா? பத்து ரூபாய்தான்.

மீனுக்குப் போடுங்கள். எஞ்சின் சூட்டில் அது குழைந்து, இழுவையில் ஒட்டிக்கொள்ளும். பெட்ரோல் லைனுக்கும் எத்தனால் தாங்கும் ஹோஸாகக் கேட்டு வாங்குங்கள், இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் கலந்தது, பழைய ரப்பருக்கு ஆகாது.

அலங்காநல்லூர்: அப்பாவின் அம்பாசடர், எஸ்யூ வகை கார்ப். ஆக்சிலரேட்டரை அமுக்கினால் ஒரு கணம் திணறி அப்புறம்தான் எடுக்கிறது.

கார்பின் மேலே கறுப்பு மூடியைத் திருகி எடுங்கள், உள்ளே எண்ணெய் வற்றியிருக்கும். 20 நம்பர் எஞ்சின் ஆயில் கொஞ்சம் போதும், கியர் ஆயில் ஊற்றிவிடாதீர்கள். பிறகு எஞ்சின் ஓடும்போது கார்புக்குள் இருக்கும் பிஸ்டனை (எஞ்சின் பிஸ்டன் அல்ல) ஒரு மில்லிமீட்டர் மட்டும் தூக்கிப் பாருங்கள்: வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், எஞ்சின் நின்றால் குறைவு, லேசாகக் கூடி பழையபடி வந்தால் சரி. அடியில் உள்ள ஜெட் நட்டை மேலே ஏற்றினால் பெட்ரோல் குறையும், இறக்கினால் கூடும். நட்டின் ஒவ்வொரு பட்டையாகத் திருப்புங்கள்.

உசிலம்பட்டி: பத்மினி கார் ஊரில் நன்றாக ஓடுகிறது, கொடைக்கானல் போனால் கறுப்புப் புகை.

வண்டியில் குறையில்லை. அங்கே ஏறக்குறைய 7,000 அடி, காற்று மெலிசு, பெட்ரோல் மட்டும் ஊருக்குச் செட் செய்த அளவில் வருகிறது. எஞ்சினின் இழுவையை அளக்கும் வாக்குவம் கேஜ் மாட்டினாலும் ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம் குறைவாகக் காட்டும். மதுரையில் 18 காட்டிய வண்டி மேலே 11 காட்டினால் பயப்பட வேண்டாம். அங்கே எதையும் திருகாதீர்கள். வத்தலக்குண்டு இறங்கியதும் மறுபடி திருக வேண்டிவரும்.